ஜெயித்தது யார்? விளம்பரத்துக்குப் பிறகு சொல்கிறோம்

1959 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் புத்தம்புது ஓடுதளம். 59 கார்கள் இரண்டரை மைல் வளையத்தை இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி, அப்பிரதட்சணமாக 200 சுற்று வந்து 500 மைலை முடிக்க வேண்டும். முடித்தார்கள். கடைசிக் கோட்டை மூன்று கார்கள் ஒரே மூச்சில் தாண்டின. ஒன்றில் லீ பெட்டி. இன்னொன்றில் ஜானி போஷாம். மூன்றாவது ஆள் ஜோ வெதர்லி. அவர் ஏற்கனவே ஒரு சுற்று பின்தங்கியவர்; கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை தோளை ஒட்டி நின்று சிரிக்கும் யாரோ ஒருவர் மாதிரி சம்பந்தமில்லாமல் சட்டத்துக்குள் வந்துவிட்டார்.

போஷாம்தான் ஜெயித்தார் என்றார்கள் அதிகாரிகள். அவரும் போய்க் கோப்பையோடு நின்று போட்டோவுக்குச் சிரித்தார். லீ பெட்டி விடவில்லை. “ஜெயித்தவன் நான்” என்று நின்றார். பந்தயத்தை நடத்திய நாஸ்கார் அமைப்பின் முதலாளி பில் ஃபிரான்ஸ், ஆறடி ஐந்தங்குல ஆள், ஊரில் யார் யார் படம் எடுத்தீர்களோ எல்லோரும் கொண்டுவாருங்கள் என்று தண்டோரா போட்டார். கடைசியில் வழக்கைத் தீர்த்தது சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஓட்டுகிற ஹெர்ஸ்ட் நியூஸ்ரீல். 61 மணி நேரம் கழித்து, புதன்கிழமை, வெற்றி லீ பெட்டிக்கு என்று தீர்ப்பு. வித்தியாசம் இரண்டடி.

இடைப்பட்ட மூன்று நாளும் பத்திரிகைகளில் டேடோனா பெயர் அடிபட்டுக்கொண்டே இருந்தது. முதல் நாளே ஃபிரான்ஸுக்கு விஷயம் தெரியும், வேண்டுமென்றே ஜவ்வாக இழுத்தார் என்று சொல்கிற குசும்பர்கள் இன்றும் உண்டு. எப்படியோ, ரசிகனின் தலையெழுத்து முதல் பந்தயத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்து கண்ணால் பார்த்தாலும் ஜெயித்தது யார் என்று காமிராதான் சொல்லும். அதுவும் அதற்கு வசதிப்படும்போது.

லீ பெட்டியைப் பற்றி இன்னொன்று. அதே 1959-ல் அட்லாண்டா லேக்வுட் ஓடுதளத்தில் அவருடைய மகன் ரிச்சர்டு முதன்முதலாக ஜெயித்துவிட்டதாக அறிவித்தார்கள். பையன் கோப்பையைத் தொடுவதற்குள் ஆட்சேபம் கிளப்பி வெற்றியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர் அப்பாதான். இப்படிப்பட்ட குடும்பத்தை வைத்து டி.வி.க்காரர்கள் முப்பது வருஷம் மெகாசீரியல் ஓட்டியிருக்கலாம். அவர்களுக்கு அன்று அந்தப் புத்தி வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. இந்த ஆட்டத்தின் பூர்வீகம் அப்படி. இது ஸ்டாக் கார் பந்தயம்; ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் நாலு பேர் வாங்கிப் போகிற சாதாரணக் கார். தெற்கு மாநிலங்களின் மலைப்பக்கத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர்கள் அந்தக் காரின் இன்ஜினை நோண்டி, ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுப் பறந்து, வரி அதிகாரிகளுக்குத் தண்ணி காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில் மந்தம் என்பதால் யார் கார் வேகம் என்று அவர்களுக்குள் போட்டி. 1947 டிசம்பரில் டேடோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃபிரான்ஸ் கூட்டம் போட்டு, இதற்கு நாஸ்கார் என்று பெயரும் விதிமுறையும் கொடுத்தார். பெரிய வீரர் ஜூனியர் ஜான்சன் சாராய கேஸில் ஜெயிலுக்கே போய் வந்தவர். ரோட்டில் அவரைப் பிடிக்க முடியாமல், அப்பாவின் காய்ச்சும் இடத்தில் வைத்துப் பிடித்தார்கள். எண்பதுகளில் ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு வழங்கினார். நியூயார்க் டி.வி. கம்பெனிகளுக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றியது.

பிறகு 1961-ல் ஏபிசி சேனல் ‘வைடு வேர்ல்டு ஆஃப் ஸ்போர்ட்ஸ்’ என்று ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி ஆரம்பித்தது. உலகத்தில் உள்ள அத்தனை விளையாட்டையும் காட்டுவோம் என்று சபதம். காட்டினார்கள். மெக்சிகோவின் அகபுல்கோவில் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிப்பவர்கள், கலிபோர்னியாவில் மேஜைமேல் முழங்கையை ஊன்றி மணிக்கட்டு மல்யுத்தம் செய்பவர்கள், பனிச்சறுக்கு நாட்டியம். இவற்றுக்கு நடுவே என்றோ நடந்து முடிந்த கார் பந்தயத்தில் ஒரு துண்டு. முடிவை ரசிகன் பேப்பரில் படித்து மறந்த பிறகு டி.வி.யில் கார் கிளம்பும். அந்தத் துண்டிலும் பாதி மோதல், பாதி புகை.

1971-ல் ஏபிசிக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு முழுப் பந்தயத்தை, பச்சைக்கொடியிலிருந்து கட்டம் போட்ட கொடி வரை, நேரடியாகக் காட்டிவிடுவது. டேடோனாவைக் காட்டினால் மூன்றரை மணி நேரம் போகும். அவ்வளவு நேரம் யார் கொடுப்பார்கள்? எனவே தெற்குக் கரோலைனாவில் கிரீன்வில்-பிக்கன்ஸ் என்ற அரை மைல் ஓடுதளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 100 மைல், ஒன்றரை மணி நேரத்துக்குள் கச்சிதமாக அடங்கும். ஏப்ரல் 10 அன்று நாடே பார்க்க, பாபி ஐசக் எல்லோரையும் விட இரண்டு சுற்று முன்னால் போய் ஜெயித்தார். கவனியுங்கள், இரண்டு அடி அல்ல, இரண்டு சுற்று. டி.வி. நேரத்துக்குத் தோதாகப் பந்தயத்தைப் பொறுக்கினால் பந்தயம் எப்படி இருக்கும் என்பதற்கு அது முதல் பாடம். யாரும் படிக்கவில்லை.

நல்ல பந்தயங்கள் எல்லாம் டி.வி. வராத நாளில் நடந்தன, அல்லது டி.வி. பாதியில் வந்து சேர்ந்த நாளில். எழுபதுகளில் ஏபிசி டேடோனா 500-இன் பின்பகுதியை மட்டும் நேரடியாகக் காட்டும். மொய் எழுதும் நேரத்துக்குச் சரியாக வந்து சேருகிற சொந்தக்காரர் கணக்கு. 1976-ல் அந்தச் சொந்தக்காரருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் ரிச்சர்டு பெட்டியும் டேவிட் பியர்சனும் மோதி, இரண்டு கார்களும் சுழன்று புல்தரையில் போய் விழுந்தன. கோடு கண்ணெதிரே. பெட்டியின் இன்ஜின் செத்துவிட்டது. பியர்சன் சுழலும்போதே கிளட்சை மிதித்து இன்ஜினைக் காப்பாற்றியிருந்தார். மூக்கு நசுங்கிய காரை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக் கொண்டுபோய்க் கோட்டைத் தாண்டினார். மணிக்கு 20 மைல் வேகத்தில் டேடோனா 500-ஐ ஜெயித்த மகானுபாவர்.

இதைப் பார்த்த பிறகும் முழுப் பந்தயத்தையும் காட்ட மூன்று வருஷம் ஆனது. சிபிஎஸ் சேனலின் நீல் பில்சன் பில் ஃபிரான்ஸின் மகனோடு பேசி முடித்து, 1979 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 முதல்முறையாக முதலிலிருந்து கடைசிவரை நேரடி ஒளிபரப்பு. இங்கே இயற்கையே டி.வி.க்கு ஏஜென்டாக வேலை பார்த்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரை முழுக்கப் பேய்த்தனமான பனிப்புயல். வாசல் கதவைத் திறக்க முடியாது. சேனல்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். கார் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாத வடக்கத்திக்காரர்கள் போர்வைக்குள் மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். டேடோனாவிலும் காலையில் மழை. முதல் பதினைந்து பதினாறு சுற்று, தளம் காய்வதற்காக, எல்லாரும் மஞ்சள்கொடியின் கீழ் ஊர்வலம் போனார்கள். அதையும் பார்த்தார்கள். வேறு எங்கே போவது?

கமென்ட்டரியில் கென் ஸ்குவையர். கடைசிச் சுற்று. முன்னால் டானி ஆலிசன், ஒட்டிக்கொண்டு கேல் யார்பரோ. மற்றவர்கள் அரைச் சுற்று பின்னால். யார்பரோ உள்பக்கமாக நுழையப் பார்த்தார். ஆலிசன் இடம் விடவில்லை. புல்லில் இறங்கி, ஒருவரை ஒருவர் இடித்து, மூன்றாவது வளைவில் இரண்டு பேரும் சுவரில் போய் மோதிச் சறுக்கி உள்புல்வெளிக்கு வந்தார்கள். காமிரா தடுமாறியது. முதலிடத்துக்குப் போகிறவர் யார் என்று தேடியது. கிடைத்தவர் ரிச்சர்டு பெட்டி, 45 பந்தயமாக வெற்றியே பார்க்காதவர், அந்தக் குளிர்காலத்தில்தான் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர். டேரல் வால்ட்ரிப்பை முந்தவிடாமல் வந்து ஜெயித்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல பந்தயம் என்று சொல்லிவிட்டு ஜனம் பனியை வாரப் போயிருக்கும். ஆனால் காமிரா மறுபடி மூன்றாவது வளைவுக்குத் திரும்பியபோது அங்கே வேறு போட்டி ஆரம்பமாகியிருந்தது. தம்பி டானிக்கு என்ன ஆயிற்றென்று பார்க்க அண்ணன் பாபி ஆலிசன் காரை நிறுத்தினார். யார்பரோ ஹெல்மெட்டாலேயே அவரைக் கவனித்தார். பாபி இறங்கினார். உதை, குத்து, புல்வெளியில் கட்டிப்புரளல். சண்டை, அங்கே சண்டை நடக்கிறது என்று ஸ்குவையர் கத்த, நாடே நிமிர்ந்து உட்கார்ந்தது. யார்பரோ தன் மூக்கால் என் முஷ்டியை அடித்தார் என்றுதான் பாபி கடைசிவரை சொல்லிவந்தார். மூன்று பேருக்கும் அபராதம். நாஸ்காருக்கு மட்டும் லாபம். அன்று பார்த்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர்.

டி.வி.க்காரர்கள் அன்று ஒரு பாடம் கற்றார்கள், தப்பான பாடம். 200 சுற்று பொறுமையாக ஓடிய பிறகுதான் அந்தக் கோபம் வந்தது என்பதை விட்டுவிட்டார்கள். கோபம் மட்டும் போதும், ஓட்டம் எதற்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிற்பாடு வந்த அத்தனை கண்றாவிக்கும் விதை அந்தப் புல்வெளியில்தான் விழுந்தது என்பது என் அபிப்பிராயம்.

எண்பதுகளைப் பற்றிக் கேட்டால் கிழட்டு ரசிகர்கள் கண் கலங்குவார்கள். ஈஎஸ்பிஎன் என்ற புதுச் சேனலுக்கு 24 மணி நேரத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டியிருந்தது, நாஸ்காருக்குக் காட்ட ஆள் வேண்டியிருந்தது, பொருத்தம் அமைந்தது. பாப் ஜென்கின்ஸ், நெட் ஜாரெட், பென்னி பார்சன்ஸ் மூவரும் அடக்கமாகப் பேசினார்கள். காருக்குள் காமிரா வைக்கும் வித்தை ஆஸ்திரேலியாக்காரர்கள் கையிலிருந்து வந்தது. 1983-ல் அப்படிக் காமிரா வைத்த காரே டேடோனாவில் ஜெயித்தது. ஓட்டியவர் நம்ம யார்பரோ. ஒரு கஷ்டம், ஒவ்வொரு ஓடுதளமும் தன் பந்தயத்தைத் தனித்தனியே விற்றது. இந்த வாரம் சிபிஎஸ், அடுத்த வாரம் டிபிஎஸ், அதற்கடுத்த வாரம் நாட்டுப்புறப் பாட்டுச் சேனலான டிஎன்என். ரசிகன் சேனல் மாற்றி மாற்றி விரல் தேய்ந்தான். புத்திசாலிகள் டி.வி. சத்தத்தை அமுக்கிவிட்டு, எம்ஆர்என் வானொலியில் வர்ணனை கேட்டார்கள். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. இந்தப் பழக்கம் இன்னமும் போகவில்லை.

அந்தக் காலத்தின் உச்சம் 1993 டேடோனா. சிபிஎஸ் வர்ணனையில் நெட் ஜாரெட். கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட்டை முந்தி முதலில் போகிறவர் நெட்டின் சொந்த மகன் டேல் ஜாரெட். தயாரிப்பாளர் ஹெட்போனில், நீயே உன் பையனைக் கூட்டிவா என்று சொல்லிவிட்டார். அப்பாக்காரர் நடுநிலைமையை மூட்டை கட்டிவைத்துவிட்டு, இப்படிப் போ, அவனை உள்ளே விடாதே என்று நாடறியப் பையனுக்குக் கட்டளை போட்டார். பந்தயம் முடிந்ததும் கூச்சப்பட்டு எர்ன்ஹார்ட்டிடம் மன்னிப்பு கேட்டார். நானும் ஒரு அப்பன்தானே என்று எர்ன்ஹார்ட் விட்டுவிட்டார். ஒருதலைப்பட்சம் என்று ஒரு ரசிகன்கூட முணுமுணுக்காத ஒரே கமென்ட்டரி அதுவாகத்தான் இருக்கும். 

2001-ல் எல்லாம் மாறியது. நாஸ்கார் எல்லா ஓடுதளத்தையும் ஒரே கட்டாகக் கட்டி ஃபாக்ஸ், என்பிசி, டர்னர் கம்பெனிகளுக்கு 240 கோடி டாலருக்கு விற்றது. அவ்வளவு பணம் கொடுத்தவன் சும்மா இருப்பானா? ஃபாக்ஸ் காட்டிய முதல் பந்தயம், பிப்ரவரியில் நடந்த பட்வைசர் ஷூட்அவுட். நாஸ்கார் கார் என்பதே ஓடுகிற போஸ்டர். சோப்பு, பீர், மோட்டார் ஆயில் என்று உடம்பு முழுக்க ஸ்டிக்கர். திரையில் கிராபிக்ஸில் கார்கள் வரிசையாக வந்தபோது சில கார்கள் மொட்டையாக நின்றன. யார் ஃபாக்ஸுக்கு விளம்பரம் கொடுக்கவில்லையோ அவர்கள் பெயரைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் கொட்டிய ஸ்பான்சர்கள் கொந்தளிக்க, ஒரு வாரத்துக்குள் ஸ்டிக்கர்கள் திரும்பி வந்தன.

ஆனால் அந்த அடுத்த வாரத்தைப் பற்றிக் கிண்டலடிக்க எனக்கு மனமில்லை. ஃபாக்ஸின் முதல் டேடோனா 500-இன் கடைசி வளைவில் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். தம்பி மைக்கேல் ஜெயித்ததற்காகக் கமென்ட்டரி பெட்டியில் அழுதுகொண்டிருந்த டேரல் வால்ட்ரிப், அடுத்த நிமிஷமே, டேலுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்க ஆரம்பித்தார். சேனல் நேரம் முடிந்து விடைபெற்றுவிட்டது. செய்தி பின்னால்தான் வந்தது.

பிறகு வந்த வருஷங்களில் டி.வி.யும் நாஸ்காரும் சேர்ந்து சுத்தபத்தம் பார்க்க ஆரம்பித்தன. 2004-ல் பந்தயம் ஜெயித்த ஜிம்மி ஜான்சன், தன் கார் கூரையில் வரிசையாக வைக்கப்பட்ட பவரேட் பாட்டில்களைத் தன் ஸ்பான்சர் பலகையால் மறைத்தார் என்று 10,000 டாலர் அபராதம். அதே வருஷம் எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் டல்லடேகா ஓடுதளத்தில் ஐந்தாவது தடவை ஜெயித்தார். எப்படி இருக்கிறது என்று என்பிசி நிருபர் கேட்டபோது, அப்பா இங்கே பத்து தடவை ஜெயித்தவர், இது ஒரு பெரிய விஷயமா என்றார். பெரிய விஷயமில்லை என்பதற்கு அவர் உபயோகித்த வார்த்தை கக்கூஸ் சம்பந்தப்பட்டது. 10,000 டாலரும் 25 புள்ளியும் போயின. புள்ளிப் பட்டியலில் முதலிடமும் சேர்ந்து போனது. இருபத்தைந்து வருஷம் முன்னால் நேரடி ஒளிபரப்பில் அடித்துப் புரண்டவர்களால் பிழைத்த விளையாட்டு இது என்பதை ஞாபகப்படுத்த அங்கே யாரும் இல்லை.

அந்த நாட்களில் ரசிகன் எதைத்தான் பார்த்தான்? 43 கார்கள் ஓடுகின்றன. காமிரா முதல் காரை ஒட்டிக்கொண்டு போகிறது. முதல் கார் தனியாகப் போகிறது. பத்தாவது இடத்துக்கு ஐந்து பேர் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள்; அது வானொலியில்தான் தெரியும். உங்கள் ஆள் 23-வது இடத்தில் போனால் மூன்று மணி நேரமும் நீங்கள் அவரைத் திரையின் மேல் ஊர்ந்துபோகும் பெயர்ப் பட்டியில் மட்டுமே தரிசிக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் எங்கேயாவது மோத வேண்டும். பச்சைக்கொடி விழுந்து பந்தயம் சூடுபிடித்ததும் விளம்பரம். திரும்பி வந்தால், நாம் இல்லாதபோது முதலிடம் கைமாறிவிட்டது, இதோ பாருங்கள் என்று ரீப்ளே. ரீப்ளே முடிவதற்குள் அடுத்த விளம்பரம். பந்தயம் ரொம்பச் சாதுவாகப் போனால், ஓடுதளத்தில் ஏதோ குப்பை கிடக்கிறதென்று மஞ்சள்கொடி. அந்தக் குப்பையை மட்டும் எந்தக் காமிராவும் காட்டாது. 2007-ல் ஓட்டுநர் டோனி ஸ்டுவர்ட்டே பொறுக்கமாட்டாமல், இது என்ன டி.வி. மல்யுத்தமா என்று கேட்டுவிட்டார்.

2008 நவம்பர் 9-ஐ மறக்க முடியாது. ஃபீனிக்ஸ் பந்தயம், சாம்பியன் பட்டத்தை நிர்ணயிக்கும் கட்டம், ஏபிசியில் ஒளிபரப்பு. நடுவில் ஒரு மோதலால் பந்தயம் நின்று நேரம் இழுத்துவிட்டது. இன்னும் 34 சுற்று. கிழக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள வீடுகளில், அதாவது நாஸ்கார் ரசிகர்களில் பெரும்பாலோர் வசிக்கும் வீடுகளில், திடீரென்று கார்கள் மறைந்தன. பதிலுக்கு வந்தது ‘அமெரிக்காஸ் ஃபன்னியஸ்ட் ஹோம் வீடியோஸ்’. பூனை சோபாவிலிருந்து விழும், மாமா ஏணியிலிருந்து விழுவார், பின்னணியில் சிரிப்புச் சத்தம் வரும், அந்த நிகழ்ச்சி. பந்தயம் வேண்டுமானால் ஈஎஸ்பிஎன் 2-க்குப் போங்கள் என்றார்கள். கேபிள் இல்லாதவன் பூனையைப் பார்த்தான். ஜிம்மி ஜான்சன் ஜெயித்தார். மூன்றாவது தொடர் பட்டத்துக்கு அநேகமாக முத்திரை விழுந்தது. அறுபதுகளில் பாறையிலிருந்து குதிப்பவர்களுக்கு இடம் விட்ட பந்தயம், நாற்பது வருஷத்தில் ஏணியிலிருந்து விழுபவர்களுக்கு இடம் விடும் அளவுக்கு முன்னேறியிருந்தது.

இதற்கு மேல் எப்படி அவமானப்படுத்துவது என்று நினைத்தவர்களுக்கு ஃபாக்ஸின் பதில், டிக்கர். ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் தலைவர் டேவிட் ஹில் ஆஸ்திரேலியாக்காரர். 1996-ல் ஐஸ் ஹாக்கி வட்டைத் திரையில் நீலமாகப் பளபளக்க வைத்து அந்த ரசிகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர். நாஸ்காரில் அவர் ஆட்கள் தளத்தின் மண்ணுக்குள் ஒரு காமிராவைப் புதைத்தார்கள். கார்கள் தலைக்குமேல் பறப்பது போலத் தெரியும். உண்மையில் பிரமாதமான காமிரா. அதோடு விட்டிருக்கலாம். அது மண்ணுக்குள் இருப்பதால், மண்ணுக்குள் வளை தோண்டும் கோஃபர் என்ற பெருச்சாளி வகையறா ஒன்றைக் கார்ட்டூனாக வரைந்து, டிக்கர் என்று பெயர் வைத்து, அந்தக் காமிரா வரும்போதெல்லாம் திரையின் மூலையில் எட்டிப்பார்க்க விட்டார்கள். பல்லைக் காட்டும். கார் போகும்போது தலையை உள்ளே இழுக்கும். மறுபடி வரும். 2009-ல் அதற்குத் தனிக் கார்ட்டூன் படம், காதலி, கூட்டாளிகள், கீத் அர்பன் பாடிய பாட்டு, கடையில் பொம்மை, பனியன். மணிக்கு 190 மைல் வேகத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற மனிதர்களைப் பார்க்க உட்கார்ந்த நாற்பது வயது மெக்கானிக், ஒரு பெருச்சாளியின் காதல் கதையைப் பார்த்துவிட்டுத்தான் பச்சைக்கொடியைப் பார்க்க வேண்டும். ரசிகர்கள் டிக்கரை வெறுத்த வெறுப்பு, எந்த எதிரணி வீரனையும் வெறுக்காத வெறுப்பு. அடுத்த வருஷம் கார்ட்டூனைத் தூக்கினார்கள். கொஞ்ச நாளில் பெருச்சாளியும் வளைக்குள் போய்விட்டது.

ரசிகர்களுக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு, அது நம்ம ஊர் சாட்சி. கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஒன்பது பந்தயம் ஓட்டினார். வருஷக் கடைசியில் அந்தப் பிரிவின் ‘ரசிகர்களின் அபிமான ஓட்டுநர்’ விருதுக்கு வாக்கெடுப்பு. வருஷம் பூரா ஓடிய அமெரிக்கர்களையெல்லாம் தள்ளிவிட்டு ஜெயித்தவர் நரேன். நாஸ்கார் ஆபீஸில் அன்று எத்தனை பேர் கணக்கு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

2012 டேடோனா மழையால் திங்கள்கிழமை ராத்திரிக்குத் தள்ளிப்போனது. மஞ்சள்கொடி நேரத்தில் ஹுவான் பாப்லோ மோன்டோயாவின் கார் பழுதாகி, தளத்தைக் காயவைக்கும் ஜெட் இன்ஜின் வண்டியில் போய் மோத, நூற்றுக்கணக்கான லிட்டர் விமான எரிபொருள் தளத்தில் ஓடித் தீப்பிடித்தது. பந்தயம் இரண்டு மணி நேரம் நின்றது. எரிந்த தளத்தை எதைப் போட்டுக் கழுவினார்கள் தெரியுமா? டைடு சலவைத்தூள். ஒரு ரூபாய் வாங்காமல் உலகம் முழுக்க ஓடிய விளம்பரம் அது ஒன்றுதான். பிராட் கெசலாவ்ஸ்கி காருக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்துத் தீயைப் படம் பிடித்து ட்விட்டரில் போட்டார். சில மணி நேரத்தில் லட்சத்துக்கு மேல் புதிய ரசிகர்கள். நாஸ்கார் பூரித்தது. நவம்பரில் அவர் மறுபடி அதையே செய்தபோது காருக்குள் போன் வைத்திருந்தார் என்று 25,000 டாலர் அபராதம் போட்டது.

ஆனாலும் டி.வி. ரசிகனின் கண்ணை மறைத்ததே தவிர அதுவரை யார்மேலும் கைவைத்ததில்லை. 2013 மே 26 அன்று அதுவும் நடந்தது. சார்லட், கோகோ கோலா 600. ஃபாக்ஸ் ஓடுதளத்தின் மேல் கயிறு கட்டி, அதில் காமிராவை ஓடவிட்டிருந்தது. அந்தரத்தில் பறக்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டு, சரி, உருப்படியாக ஏதோ செய்கிறார்கள் என்று ரசிகர்களும் சமாதானமாகியிருந்தார்கள். அப்போது காமிராவை இழுக்கும் கயிறு அறுந்து தளத்தில் விழுந்தது. முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த கைல் புஷ்ஷின் காரில் ஏதோ அடித்து முன்சக்கரப் பக்கம் கிழிந்தது. ஓட்டுகிறவருக்கு என்ன அடித்தது என்றே புரியவில்லை. தளத்தில் வேறு கார் பக்கத்தில் இல்லை. பின்னால் வந்த மார்கோஸ் ஆம்ப்ரோஸ், மார்க் மார்ட்டின் கார்களும் கயிற்றில் மாட்டின. கயிறு சுண்டியடித்து வேலி தாண்டி கேலரியில் போய் விழுந்தது. பத்து ரசிகர்களுக்குக் காயம். நல்லவேளை, எல்லோரும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

நாஸ்கார் சிவப்புக்கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியது. பிறகு வரலாற்றில் கேள்விப்படாத ஒரு காரியம். எல்லாக் கார்களையும் பிட் பாதைக்கு வரச்சொல்லி, கால் மணி நேரம், அவரவர் காரை ரிப்பேர் செய்துகொள்ளுங்கள் என்று அனுமதி. சாதாரணமாகச் சிவப்புக்கொடியின் கீழ் ஒரு நட்டைத் தொட்டாலும் தண்டனை. இது டி.வி. இடித்த இடி என்பதால் தனிச் சட்டம். மெக்கானிக்குகள் காமிராக் கயிற்றைச் சக்கரத்திலிருந்து உருவி எடுப்பதை, மற்ற காமிராக்கள் மிகத் தெளிவாக, விளம்பர இடைவேளை இல்லாமல் காட்டின. கைல் புஷ்ஷின் இன்ஜின் கடைசியில் தானாகவே புகைந்து போனது. ஃபாக்ஸ் மன்னிப்புக் கேட்டு அந்தக் காமிராவைக் கழற்றி வைத்தது.

அப்புறம் 2017-ல் பந்தயத்தையே மூன்று துண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு மஞ்சள்கொடி போட்டு, இனிமேல் விளம்பரம் அங்கேதான் என்றார்கள். அங்கேயும் வந்தது, மற்ற இடத்திலும் வந்தது.

2020-ல் கொரோனா வந்து ஓடுதளங்களைப் பூட்டியது. டி.வி.க்கு ஏதாவது காட்டியாக வேண்டும். ஓட்டுநர்கள் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆடிய வீடியோ கேமை ஃபாக்ஸ் நேரடியாக ஒளிபரப்பியது. முதல் ஆட்டத்தை ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். பப்பா வாலஸ் கடுப்பில் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். வலி நிவாரணத் தைலக் கம்பெனி ஒன்று அவருடைய ஸ்பான்சர்ஷிப்பை ரத்து செய்தது. டல்லடேகா ஆட்டத்தில் டென்னி ஹாம்லின் சுறுசுறுப்பாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய மகள் ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். பந்தயத்தின் நடுவே அப்பாவின் திரை இருண்டது. அறுபது வருஷமாக ரசிகர்கள் பட்ட பாட்டை ஓர் ஓட்டுநர் அனுபவித்தது அன்றுதான். அதற்காகவே அந்தக் குழந்தைக்கு டேடோனாவில் ஒரு சிலை வைக்கலாம்.

இப்போது 2025-லிருந்து புது ஒப்பந்தம்; ஏழு வருஷத்துக்கு 770 கோடி டாலர். முதல் 14 பந்தயம் ஃபாக்ஸ் குடும்பத்தில், அடுத்த ஐந்து அமேசானில், அடுத்த ஐந்து டிஎன்டியில், கடைசி 14 என்பிசி வகையறாவில். சேனல் சேனலாக அலையாதீர்கள் என்று சொல்லித்தான் 2001-ல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். மூட்டை இப்போது மறுபடி அவிழ்ந்துவிட்டது, மாதச் சந்தா சகிதம். அமேசான் நம் கழுத்தில் கத்தி வைக்கப்போகிறது என்று ரசிகர்கள் தயாராக உட்கார்ந்தார்கள். பார்த்தால் படம் தெளிவு, பேச்சு அளவு, பந்தயம் முடிந்ததும் அவசரப்பட்டு ஓடாமல் உட்கார்ந்து நிதானமாக அலசுகிறார்கள். திட்டுவதற்கு ஆளில்லாமல் ரசிகர்கள் தவித்துப்போனார்கள். ஐந்தே பந்தயம்தான். ஜூன் கடைசியில் டிஎன்டி பொறுப்பேற்றுக்கொண்டது.